டர்பைன் பிளேடு: புதுசா, ரிப்பேரா, இன்னும் ஒரு ரவுண்டா?

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். டெல்டாவில் ஒரு எரிவாயு மின் நிலையத்தில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறான், கொஞ்ச காலம் என்னிடம் வேலை பழகியவன். "அண்ணே, முதல் வரிசை பிளேடு 48 ஆயிரம் மணியை நெருங்குது. புதுசு வாங்கணும்னு ஒரு கோஷ்டி, ரிப்பேருக்கு அனுப்பலாம்னு ஒரு கோஷ்டி, போரோஸ்கோப்ல ஒண்ணும் தெரியலையே, இன்னும் ஒரு வருஷம் ஓட்டுவோம்னு ஒரு கோஷ்டி. எஸ்.இ. சார் என்னை நோட் போடச் சொல்லிட்டார். நீங்க என்ன சொல்றீங்க?" என்றான்.

தெரியாதவர்களுக்கு: எரிந்த வாயு தள்ளிச் சுழற்றும் தகடுகள்தான் பிளேடு. போரோஸ்கோப் என்பது எந்திரத்தைப் பிரிக்காமல் உள்ளே விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய், எஸ்.இ. என்பது மேற்பார்வைப் பொறியாளர், நோட் என்பது முடிவுக்காக மேலே அனுப்பும் குறிப்பு. போனில் பத்து நிமிடம் பேசியது போதவில்லை. இதே கேள்வி இன்னும் நாலு பேருக்கு இருக்கும் என்பதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்கிறேன்: ஒரு பிளேடை அறுத்துப் பார்க்காமல் இந்த மூன்றில் எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள். அறுத்துப் பார்த்த பிறகு பெரும்பாலும் ரிப்பேர்தான் ஜெயிக்கும். ஆனால் அதற்கும் முன்னால் காசு போக வேண்டிய இடம் பிளேடே இல்லை, காற்று உள்ளே வரும் ஃபில்டர் வீடு.

நம்ம பக்கத்து நிலையங்களைப் பாருங்கள். கோவில்களப்பாளில் 107 மெகாவாட், குத்தாலத்தில் 101, காரைக்காலை அடுத்த திருமலைராயன்பட்டினத்தில் புதுச்சேரி அரசின் 32.5, பிள்ளைபெருமாள்நல்லூரில் தனியாருடையது 330. எல்லாமே 2000-ஐ ஒட்டிய நாலைந்து வருடங்களுக்குள் ஓட ஆரம்பித்தவை, எல்லாமே எரிவாயு டர்பைனின் புகைச் சூட்டில் நீராவி எடுத்து இன்னொரு டர்பைனையும் சுற்றும் கூட்டுச் சுழற்சி வகை. இருபது வயது தாண்டிய எந்திரத்தில் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு செலவு செய்வது என்பது இனிமேல் நமக்கு ஒவ்வொரு ஓவர்ஹாலிலும் வரப்போகிற கேள்வி.

முதலில் அந்த 48 ஆயிரம் என்ற எண். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறவர்களும் தப்பு, கண்டுகொள்ளாதவர்களும் தப்பு. கனரக எந்திரங்களுக்குப் பொதுவாக 24,000 மணிக்கு ஒரு ஹாட் காஸ் பாத் ஆய்வு (சூடான வாயு போகும் வழியைப் பிரித்துப் பார்ப்பது), 48,000 மணிக்கு மேஜர் (முழு எந்திரத்தையும் பிரித்துப் பார்ப்பது) என்று வழிகாட்டி சொல்லும். ஆனால் அந்த மணி, கடிகார மணி இல்லை. சுத்தமான எரிவாயுவில், பேஸ் லோடில் (வழக்கமான முழுச் சுமையில்), ஒழுங்காக ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ஒரு மணி ஒரு மணி. ஜி.இ. (ஜெனரல் எலக்ட்ரிக்) நிறுவனத்தின் ஈ வகுப்பு எந்திரங்களுக்கான கணக்கில், எரிவெப்பத்தை (எரிந்த வாயு டர்பைனுக்குள் நுழையும் சூட்டை) 56 டிகிரி கூட்டி பீக் லோடில் ஒரு மணி நேரம் ஓட்டினால் பிளேடுக்கு அது பேஸ் லோடில் ஆறு மணி நேரம். முழு லோடில் ஒரு டிரிப் (எந்திரம் திடீரென்று தானே நின்றுபோவது) என்றால் எட்டு ஸ்டார்ட்டுக்குச் சமம். ஜி.இ. மணியையும் ஸ்டார்ட்டையும் தனித்தனி வரம்பாக வைக்கும், எது முதலில் முட்டுகிறதோ அதுதான் கணக்கு. வேறு சில தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு ஸ்டார்ட்டையும் இத்தனை மணி என்று மாற்றி ஓட்ட மணியோடு கூட்டிவிடுவார்கள். உங்கள் எந்திரம் எந்த ஜாதி என்று தெரியாமல் பக்கத்து நிலையத்துக்காரர் சொன்ன எண்ணை எடுத்துக்கொண்டு நோட் போட்டால் அதோகதிதான்.

2018 நவம்பரில் கஜா அடித்தது ஞாபகம் இருக்கும். புயல் நாளில் லைன் போனால் எந்திரம் முழு லோடிலிருந்து ஒரே நொடியில் விழும். அன்றைக்கு எல்லோருக்கும் தென்னை, கூரை, மின்கம்பம் என்று ஆயிரம் கவலை, டிரிப் கணக்கை யார் எழுதப்போகிறார்கள். நான் பார்த்த ஒரு இடத்தில் அந்த மாதிரி டிரிப்புகளை லாக் புத்தகத்தில் வெறும் 'ஸ்டாப்' என்று எழுதி வைத்திருந்தார்கள். மூன்று வருடம் கழித்து உட்கார்ந்து எண்ணினபோது ஸ்டார்ட் கணக்கு நினைத்ததைவிட எங்கேயோ இருந்தது. அதனால் தம்பிக்குக் கொடுத்த முதல் வேலை, லாக் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு டிரிப்பை எண்ணுவது. ஒரு பைசா செலவில்லை.

அடுத்து, ஏன் போரோஸ்கோப்பை நம்பி ஓட்டக்கூடாது என்பது. போரோஸ்கோப் கண்ணுக்குத் தெரிகிறதைக் காட்டும்: விரிசல், கோட்டிங் உரிந்த இடம், நுனி தேய்ந்தது, ஏதாவது இடித்த தழும்பு. முதல் வரிசை பிளேடைக் கொல்வது பெரும்பாலும் க்ரீப். சூட்டிலும் இழுவையிலும் உலோகம் மெல்ல மெல்ல நெகிழ்ந்து, உள்ளே துகள் எல்லைகளில் கண்ணுக்குத் தெரியாத பொத்தல் விழும் சங்கதி. நிமிடத்துக்கு 5,163 சுற்று சுற்றும் ஒரு ரோட்டரில், அரை மீட்டர் ஆரத்தில் இருக்கும் ஒரு கிலோ உலோகத்தை மையவிலக்கு விசை சுமார் 15 டன் கனத்தோடு வெளியே இழுக்கிறது. அதுவும் சிவக்கிற சூட்டில். அந்தப் பொத்தல்கள் சேர்ந்து விரிசலாகி மேலே தெரியும்போது பிளேடின் ஆயுள் கடைசிப் பக்கத்தில் இருக்கும். ஒன்று பிய்த்துக்கொண்டால் பின்னால் இருக்கும் வரிசைகளையும் சேர்த்துத்தான் வாரிக்கொண்டு போகும்.

சூட்டுக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவு எவ்வளவு கொடூரமானது என்பதை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்துவிடுங்கள், அப்புறம் மறக்காது. சூட்டையும் ஆயுளையும் சேர்த்துப் பார்க்கும் லார்சன்-மில்லர் சூத்திரத்தில், கெல்வின் வெப்பத்தை (20 + மணியின் 10 அடிமான லாக்) என்பதால் பெருக்க வேண்டும்; ஒரே இழுவையில் அந்த எண் மாறாது. ஒரு குறிப்பிட்ட இழுவையில் 850 டிகிரியில் 50,000 மணி தாங்கும் உலோகம் என்று வைத்துக்கொள்வோம். 50,000-இன் லாக் 4.7, ஆக 1,123-ஐ 24.7-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 27,737 வருகிறது. இப்போது வெப்பத்தை வெறும் 15 டிகிரி கூட்டி 1,138-ஆல் வகுத்து, 20-ஐக் கழித்து, லாக்கை மணியாக மாற்றிப் பாருங்கள்: மணி 23,600-க்கு இறங்கிவிடும். பாதிக்கும் கீழே. பதினைந்து டிகிரி என்பது ஒரு பிளேடின் குளிரூட்டும் துளையில் கொஞ்சம் அழுக்கு அடைத்தாலே வந்துவிடுகிற வித்தியாசம். அதனால்தான் ஒரே மாடல், ஒரே மணி ஓடிய இரண்டு எந்திரங்களில் ஒன்றின் பிளேடு இளசாகவும் இன்னொன்றின் பிளேடு கிழடாகவும் இருக்கிறது. மணிக்கணக்கை மட்டும் வைத்து எடுக்கும் எந்த முடிவும் கண்ணைக் கட்டிக்கொண்டு எடுத்ததுதான்.

'லோடைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினால் பிளேடு தாங்குமே' என்று ஓட்டுவோம் கோஷ்டி சொல்லும். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் கூட்டுச் சுழற்சியில் லோடைக் குறைக்கும்போது எந்திரம் முதலில் முன்பக்க வழிகாட்டித் தகடுகளை மூடிக் காற்றைக் குறைக்குமே தவிர எரிவெப்பத்தைக் குறைக்காது, கொதிகலனுக்குப் போகும் புகை சூடாகவே இருக்க வேண்டும் என்பதற்காக. சுமார் 80 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் எரிவெப்பமே இறங்க ஆரம்பிக்கும். நூறிலிருந்து தொண்ணூறுக்கு இறக்கினால் யூனிட் போகும், பிளேடுக்கு ஒரு லாபமும் கிடையாது. இதைத் தெரியாமல் ஒரு வருடம் முழுக்க குறைத்து ஓட்டி, 'பிளேடைக் காப்பாற்றினோம்' என்று பெருமைப்பட்ட இடமும் எனக்குத் தெரியும்.

சரி, அறுப்புக்கு வருவோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்ம ஊர்ப் பழமொழி. டர்பைனில் அது பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சுழலும் பிளேடு ஒவ்வொன்றும் ஒரு சுற்றில் எல்லா பர்னருக்கும் முன்னால் போய் வருகிறது. ஒரு கம்பஸ்டர் (எரிப்பு அறை) கூடுதலாகச் சுட்டாலும் அந்தச் சூட்டை எல்லா பிளேடும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் ஒரு பிளேடை அறுத்தால் முழு செட்டின் பதமும் தெரியும், துளை அடைத்த ஒன்றிரண்டு தனிக்கட்டைகளைத் தவிர. வாயுவை பிளேடு பக்கம் திருப்பி விடும் அசையாத தகடுகளான நாசில் வேன்கள் அப்படி இல்லை. எந்த பர்னருக்கு நேராக நிற்கிறதோ அதன் சூட்டை வருடக்கணக்காக அதுவே வாங்கிக்கொண்டிருக்கும். அங்கே ஒரு சோறு பதம் பார்த்தால் பக்கத்துச் சோறு அரிசியாகவும் இருக்கலாம், குழைந்தும் இருக்கலாம். வேன்களை ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும், எக்ஸாஸ்ட் தெர்மோகப்பிள் ஸ்ப்ரெட் (வெளியேறும் புகையின் சூடு இடத்துக்கு இடம் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்ற) பதிவுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அறுத்த பிளேடில் என்ன பார்ப்பார்கள்? இந்த வகை பிளேடுகளில் அதிகம் புழங்குவது இன்கோனல் 738 போன்ற நிக்கல் கலவை. அதன் பலம் முழுக்க உள்ளே நிறைந்திருக்கும் காமா பிரைம் என்ற நுண்துகள்களில் இருக்கிறது. முதன்முதலில் அந்த மைக்ரோஸ்கோப் படத்தைப் பார்த்தபோது எனக்கு வீட்டு அடுப்படிதான் ஞாபகம் வந்தது. புது உலோகத்தில் துகள்கள் அளவாக, மூலை மூலையாக, நெருக்கமாக அடுக்கி வைத்தது போல இருக்கும். ஓடின உலோகத்தில் அவை ஊதி, உருண்டு, பக்கத்தில் இருப்பதோடு ஒட்டிக்கொண்டு, பாயசத்தில் கூடுதலாக வெந்த ஜவ்வரிசி மாதிரி கிடக்கும். இதில் நல்ல விஷயம், ஒப்பிட்டுப் பார்க்கப் புது பிளேடு ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். அதே பிளேடின் வேர்ப்பகுதி டிஸ்குக்குள் செருகிக் குளிர்ச்சியாகவே இருந்திருக்கும், அங்கே உலோகம் ஏறக்குறைய பிறந்த நாள் மாதிரியே இருக்கும். ஒவ்வொரு பிளேடும் தன் இளவயதுப் படத்தைத் தன் காலடியிலேயே வைத்திருக்கிறது. வேரிலிருந்து ஒரு துண்டு, நடு உயரத்தில் முன்விளிம்பில் ஒரு துண்டு, பின்விளிம்பில் ஒரு துண்டு, பிளாட்பாரத்துக்கு (வேருக்கும் மேல் இறக்கைக்கும் நடுவில் இருக்கும் மேடைக்கு) கீழே ஒரு துண்டு. இந்த நாலையும் கேட்காமல் லேபுக்கு அனுப்பாதீர்கள். 'மெட்டலர்ஜி ரிப்போர்ட்' என்று மட்டும் பொதுவாகக் கேட்டால் அவர்களுக்கு வசதியான இடத்தில் ஒரு துண்டு எடுத்து, கலவை சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அது நமக்கு வாங்கும்போதே தெரியுமே.

ரிப்போர்ட்டில் மூன்று விஷயம் போதும். கோட்டிங்கில் அலுமினியம் இன்னும் மிச்சம் இருக்கிறதா, காமா பிரைம் எவ்வளவு ஊதியிருக்கிறது, துகள் எல்லைகளில் பொத்தல் விழுந்திருக்கிறதா. கோட்டிங் மட்டும் தீர்ந்திருந்தால் மேல்பூச்சு வேலையோடு போகும். துகள்கள் ஊதியிருந்தால் வெப்பச் சிகிச்சை வேண்டும். பொத்தல் தனித்தனியாக இருந்தால் இன்னும் மீட்கலாம், வரிசையாகக் கோத்துக்கொண்டு மேற்பரப்பு வரை வந்திருந்தால் புதுசுக்கு டெண்டர் போடலாம், அதற்கு மேல் விவாதம் வேண்டாம்.

இப்போது ரிப்பேர் என்பது என்ன என்று கொஞ்சம் விலாவாரியாகப் பார்க்கலாம், ஏனென்றால் இந்த ஒரு வார்த்தைக்குள் நாலு வேறு வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன, டெண்டரில் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைதான் எழுதுகிறார்கள். பழைய கோட்டிங்கை அமிலத்தில் கரைத்து எடுப்பது முதல் வேலை. அப்புறம் ஒளிரும் சாயம் பூசி விரிசல் பார்ப்பது, சுவர்க் கனம் அளப்பது. நுனி தேய்ந்திருந்தால் டிக் வெல்டிங்கில் கட்டி எழுப்புவது. கடைசியில் எம்-குரோம்-ஆல்-ஒய் (குரோமியம், அலுமினியம், யிட்ரியம் கலந்த உலோக) பூச்சு, தேவைப்பட்டால் அதன் மேல் யிட்ரியா கலந்த சிர்கோனியா பீங்கான் பூச்சு. இவ்வளவும் செய்தால் பிளேடு பார்க்கப் பளபளவென்று புதுசு போல வரும். ஆனால் உள்ளே இருக்கும் ஜவ்வரிசி அப்படியேதான் இருக்கும். கிழவனுக்குச் சாயம் அடித்த கதை.

உள்ளே இருப்பதைச் சரிசெய்வது வேறு வேலை. வெற்றிட உலையில் வைத்துச் சூடேற்றி, ஊதிய துகள்களைக் கரைத்து, மறுபடி புதிதாக முளைக்க விட வேண்டும். இன்கோனல் 738-க்கு வழக்கமான சிகிச்சை 1,120 டிகிரியில் இரண்டு மணி நேரம், அப்புறம் 845 டிகிரியில் 24 மணி நேரம். பொத்தல்களும் மூட வேண்டும் என்றால் அதற்கு முன்னால் ஹிப்: 1,200 டிகிரியை ஒட்டிய சூட்டில், சுமார் ஆயிரம் மடங்கு காற்றழுத்தத்தில் ஆர்கான் வாயுவை வைத்து நாலா பக்கமும் அமுக்குவது. உள்ளே மூடிக்கிடக்கும் பொத்தல் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். மேற்பரப்போடு தொடர்புள்ள விரிசல் ஒட்டாது, வாயு அதற்குள்ளேயும் போய்விடும் அல்லவா. ஆக, விரிசல் வெளியே வருவதற்கு முன்னால் அனுப்பினால்தான் இந்தச் சிகிச்சைக்கே அர்த்தம். 'இன்னும் ஒரு வருஷம் ஓட்டிட்டு அப்புறம் ரிப்பேருக்கு அனுப்பலாம்' என்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அந்த ஒரு வருடத்தில் மீட்கக்கூடிய செட், பழைய இரும்புக்கடை செட்டாக மாறலாம்.

இதற்கும் எல்லை உண்டு. நம்ம ஊர் பம்ப்செட் டீசல் எஞ்சினுக்கு ரீபோர் போடுகிற மாதிரி. முதல் தடவை போடலாம், இரண்டாம் தடவை போடலாம், அதற்கு மேல் பிளாக்கில் சதை இருக்காது. ஒவ்வொரு தடவை கோட்டிங்கைக் கரைக்கும்போதும் அடியில் இருக்கும் உலோகத்தில் ஒரு மெல்லிய படலமும் சேர்ந்து போகும். உள்ளே குளிர்காற்று போகும் பாதைச் சுவர் உள்பக்கத்திலிருந்தும் துருப்பிடித்துக்கொண்டிருக்கும். அதனால் முதல் ரிப்பேருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவேன், இரண்டாவதற்குச் சுவர்க் கன அளவுகளைக் கேட்பேன், மூன்றாவது என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவேன்.

வெல்டிங்கில் ஒரு எச்சரிக்கை. அலுமினியமும் டைட்டானியமும் நிறைய உள்ள இந்தக் கலவைகள் வெல்டிங்குக்கு முரண்டு பிடிக்கும், ஆறும்போதே பக்கத்தில் வெடிக்கும். நுனியில், இழுவை குறைந்த இடத்தில், மென்மையான கம்பி வைத்துக் கட்டலாம். பிளேடின் நடு உடம்பில் விரிசலை வெல்டு செய்து தருகிறேன் என்று ஒரு ஒர்க்‌ஷாப் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வேன்கள் வேறு கதை. அவற்றில் பல கோபால்ட் கலவை, சுற்றுவதும் இல்லை, விரிசல் விட்டாலும் பறந்து போகாது. வெல்டு செய்து செய்து பல ஓவர்ஹால்கள் ஓட்டலாம். வேன் செட்டைப் புதிதாக வாங்கச் சொல்லி யாராவது நோட் எழுதினால் முதலில் காரணம் கேட்பேன். கம்பஸ்டர் லைனர் (எரிப்பு அறையின் உள்தகடு), டிரான்சிஷன் பீஸ் (அங்கிருந்து வாயுவை வேனுக்குக் கொண்டுவரும் குழாய்) பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. தகட்டு வேலை, பூச்சு வேலை, தேயும் இடங்களில் குரோமியம் கார்பைடு, ரிப்பேர்தான், முடிந்தது.

'நம்ம திருச்சி பெல்லிலேயே பிளேடைக் கொடுத்துச் செய்யலாமே' என்று தம்பி கேட்டான். பலரும் கேட்கிறார்கள். திருச்சி பெல் (பாரத மிகுமின் நிறுவனம்) கொதிகலனுக்குப் பேர் போனது, எரிவாயு டர்பைன் வேலை ஹைதராபாத் பெல். திருச்சியில் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே போய் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்டால் டெண்டர் நிபந்தனை எழுத உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

புதுசு வாங்குவது பற்றி. அசல் தயாரிப்பாளரிடம் வாங்கினால் நிம்மதி, சில சமயம் மேம்பட்ட பூச்சோ குளிரூட்டலோ உள்ள புது டிசைனும் கிடைக்கும். விலையும் காத்திருக்கும் காலமும்தான் இடிக்கும். இன்று ஆர்டர் போட்டால் அடுத்த வாரம் வருகிற சரக்கு இல்லை. மூன்றாம் தரப்பில் வாங்கினால் விலை குறையும், ஆனால் அவர்கள் பழைய பிளேடை அளந்து நகலெடுத்தவர்கள். வெளி அளவு மில்லிமீட்டர் பிசகாமல் வரும், உள்ளே குளிர்காற்றுப் பாதை எப்படி வந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படி வாங்கிய வேன் செட்டைப் போட்டு ஓட்டிய நாளிலிருந்து எக்ஸாஸ்ட் ஸ்ப்ரெட் ஒரு பக்கமாக ஏறி நின்றது. பர்னரைக் கழற்றினோம், தெர்மோகப்பிளை மாற்றினோம், ஒரு மாதம் போனது. கடைசியில் வேன்களைக் கழற்றிக் காற்றோட்டம் அளந்தபோது ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தது. அதிலிருந்து எனக்கு ஒரு நிபந்தனை: ஒவ்வொரு உருப்படிக்கும் காற்றோட்டச் சோதனைத் தாள், வரிசை எண்ணோடு. தரமாட்டேன் என்றால் விலையைப் பார்க்கவே வேண்டாம்.

விலை ஒப்பீட்டைப் பலர் தப்பாகப் போடுகிறார்கள். பேச்சுக்குப் புதுசு 100 ரூபாய், 48,000 மணி என்று வையுங்கள். ரிப்பேர் 40 ரூபாய், 24,000 மணி. ஆயிரம் மணிக்குப் புதுசு 2 ரூபாய் 8 பைசா, ரிப்பேர் 1 ரூபாய் 67 பைசா. ரிப்பேர் ஜெயித்தது போலத் தெரியும். ரிப்பேர் ஆகி வருகிற வரை எந்திரம் சும்மா நிற்குமா, இல்லை மாற்று செட் கையில் இருக்கிறதா என்று கேட்டால் கணக்கு தலைகீழாகலாம். இரண்டு செட் வைத்துக்கொண்டு ஒன்று ஓட, ஒன்று ஒர்க்‌ஷாப்பில் என்று மாற்றி மாற்றிப் போடுகிற இடத்தில் ரிப்பேரை யாரும் அசைக்க முடியாது. ஒரே செட் உள்ள இடத்தில், காத்திருக்கும் நாட்களின் யூனிட் நஷ்டத்தை எழுதாத எந்த ஒப்பீடும் பொய்க் கணக்கு.

சரி, ஃபில்டர் வீட்டுக்குப் போவோம், எனக்கு மனசு அங்கேதான் இருக்கிறது. 40 மெகாவாட் அளவுள்ள ஒரு எந்திரம் விநாடிக்கு சுமார் 140 கிலோ காற்று குடிக்கும். ஒரு நாளைக்கு 12,000 டன். ஃபில்டரைத் தாண்டி உள்ளே போகிற காற்றில் பத்துக் கோடியில் ஒரு பங்கு உப்பு இருந்தால்கூட நாளைக்கு 120 கிராம், வருடத்துக்கு ஒரு மூட்டையை நெருங்கும். நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி கரையை ஒட்டி வீட்டு ஜன்னல் கம்பி எத்தனை வருடம் தாங்குகிறது என்று நமக்குத் தெரியாதா. அந்த உப்பின் சோடியம், எரிபொருளிலோ காற்றிலோ உள்ள கந்தகத்தோடு சேர்ந்து சோடியம் சல்பேட் ஆகி பிளேடில் படியும். 884 டிகிரியில் அது உருகும், கோபால்ட், நிக்கல் சல்பேட்டுகளோடு கலந்தால் இன்னும் கீழேயே, 700 டிகிரியை ஒட்டியே உருகி உலோகத்தைத் தின்னும். அதனால்தான் பிளாட்பாரத்துக்குக் கீழே ஒரு துண்டு வெட்டச் சொன்னேன். மேலே பூச்சு இருக்கும், அங்கே பல டிசைன்களில் பூச்சே இருக்காது, சூடும் இரண்டாவதாகச் சொன்ன, 700 டிகிரியை ஒட்டி நடக்கும் அரிப்புக்குத் தோதாக இருக்கும்.

நம்ம பருவத்துக்கு ஏற்ற மாதிரி ஃபில்டர் கெடும். குறுவை, சம்பா அறுவடையில் மெஷின் இறங்கினால் வைக்கோல் தூசியும் நெல் சுணையும் காற்றில் மிதக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் பக்கத்திலிருந்து ஈரக்காற்று. மார்கழி, தை விடியலில் பனி இறங்கினால் ஃபில்டர் மேல் படிந்த தூசி சேறாகி அழுத்த வித்தியாசம் கிடுகிடுவென ஏறும். அதைவிட மோசம் கண்ணுக்குத் தெரியாதது: காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஃபில்டரில் மாட்டின உப்பு தானே கரைந்து நீராகி, காகித ஃபில்டரின் மறுபக்கம் ஒழுகிவிடும். அழுத்த வித்தியாசம் காட்டும் மேனோமீட்டர் எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உப்பு உள்ளே போய்க்கொண்டிருக்கும். காலை ஆறு மணிக்கு ஃபில்டர் வீட்டுக்குள் டார்ச் அடித்து, சுத்தமான பக்கத்துத் தரையை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள் என்று பழைய ஃபோர்மேன் ஒருவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கரித்தால் ஃபில்டர் போச்சு. லேப் முறை இல்லைதான், ஆனால் ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை.

நீர் ஒட்டாத செயற்கை இழை, இ.பி.ஏ. தர (மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும்) ஃபில்டருக்கு மாறுவதும், கம்ப்ரஸரை ஒழுங்காகக் கழுவுவதும் பிளேடு செட்டின் விலையோடு பார்த்தால் சின்னச் செலவு. இதைச் செய்யாமல் புது பிளேடு போடுவது, ஒழுகுகிற கூரைக்குக் கீழே புது நெல்லைக் கொட்டுகிற வேலை.

கடைசியாக இரண்டு விஷயம், நோட்டில் யாரும் எழுதாதவை. ஒன்று ரோட்டர். ஜி.இ. ஈ வகுப்புக்கு 2 லட்சம் மணி அல்லது 5,000 ஸ்டார்ட்டில் ரோட்டரையே பிரித்துப் பார்க்கச் சொல்லும். 2001-ல் ஓடத் தொடங்கிய எந்திரம் வருடத்துக்கு 8,000 மணி என்று நிற்காமல் ஓடியிருந்தால் இப்போது அந்த வாசலில் நிற்கும். ரோட்டருக்கு மிச்சம் 20,000 மணிதான் என்றால் 48,000 மணி பிளேடை வாங்கி என்ன செய்வது? இரண்டாவது, எரிவாயு. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகு தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கும் திட்டம் வராது, ஏற்கெனவே ஓடுகிற கிணறுகள்தான். விவசாயக் குடும்பத்துப் பிள்ளையாக எனக்கு அந்தச் சட்டத்தில் சந்தோஷம்தான், டர்பைன்காரனாகக் கணக்குப் போடும்போது அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். உங்கள் நிலையத்துக்கு ஒப்பந்தப்படி வாயு எத்தனை வருடம் என்று வாங்கும் பிரிவில் கேளுங்கள். ஆறேழு வருடம்தான் உறுதி என்றால் ஒரு தடவை முழுச் சிகிச்சையோடு ரிப்பேர் செய்த செட்டும் நல்ல ஃபில்டரும் போதும். பத்துப் பதினைந்து வருடம் உறுதி, ரோட்டரும் நல்லா இருக்கிறது என்றால் புதுசு வாங்குங்கள், பழைய செட்டையும் சிகிச்சைக்கு அனுப்பி மாற்று செட்டாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நிலைமையில் மட்டும்தான் நான் புதுசு பக்கம்.

இதையெல்லாம் சொன்னபோது தம்பி கேட்ட கடைசிக் கேள்விதான் நல்ல கேள்வி. "அண்ணே, ஒண்ணை அறுத்துட்டா செட்ல ஒண்ணு குறையுமே, அந்த இடத்துக்கு என்ன பண்றது?" ஸ்டோருக்குப் போகச் சொன்னேன். பழைய செட்டில் மிஞ்சியவை ஏதாவது பெட்டியில் கிடக்கும், அதே டிசைன்தானா என்று பார்ட் நம்பரைப் பார், ஓடிய மணி எவ்வளவு என்று பழைய ஓவர்ஹால் ரிப்போர்ட்டில் தேடு, ரிப்பேருக்குப் போகும்போது அதையும் சேர்த்து அனுப்பி எடைத் திருப்பம் (எடையும் மையத்திலிருந்து அது இருக்கும் தூரமும் சேர்ந்த அளவு) அளந்து எதிர்ப்பக்கத்தோடு ஜோடி சேர்க்கச் சொல்லலாம் என்றேன். நேற்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். கரையான் அரித்த மரப்பெட்டி, உள்ளே எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி ஐந்து பிளேடு, ஒன்றின் வேரில் சாக்பீஸால் யாரோ எழுதின தேதி பாதி அழிந்திருந்தது. பார்ட் நம்பர் ஒத்துப்போகிறதாம். மணிக்கணக்கு இன்னும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறான்.